பாலோ மைதானத்தில் கட்டிய கயிறு

கொரோனா அடங்கி ஊர்த் திருவிழாக்கள் மறுபடி தொடங்கிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது. இன்னும் சரியாகச் சொன்னால், எங்கள் குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டி பட்டப்பகலில் இடிந்து விழுந்ததே, அடியில் கட்டியிருந்த எங்கள் ஆடு ஒரு கீறல்கூட இல்லாமல் அசைபோட்டுக்கொண்டு நின்றதே, அதற்கு முப்பதாம் நாள். அன்றைக்குத்தான் நானும் என் மகள் செல்வியும் மலேசியாவுக்குக் கிளம்பினோம். எனக்குத் தேதி நிற்காது. ஆட்டை வைத்துத்தான் கணக்கு. பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்கிறேன், எழுதத் தெரிந்த நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழில் கழைக்கூத்து. இரண்டு மூங்கிலைக் கத்தரி மாதிரி சேர்த்துக் கட்டி ஒரு பக்கம் நிறுத்துவோம். எதிர்ப்பக்கம் இன்னொரு ஜோடி. அவற்றின் மேலே கயிற்றைப் போட்டு, இரண்டு நுனியையும் கீழே இழுத்து, தரையில் அடித்த முளையில் கட்டுவோம். செல்வி கையில் ஒரு நீளக் கழியோடு அந்தக் கயிற்றில் நடப்பாள். நான் கயிறு கட்டுவேன், மேளம் அடிப்பேன். அவளுக்கு முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். எங்கே ஆடுவது, எப்போது ஆடுவது என்பதெல்லாம் அவள் முடிவு. நான் முளைக்கு மட்டும் பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவன் எல்லாம் பார்த்துவிட்டு "ஏறு" என்று சொல்வான். சொன்னால் ஏற வேண்டும். நடக்கிறவர் கயிற்றையோ முளையையோ தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்டால் கட்டியவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். என் அப்பா கட்டிய கயிற்றை என் அம்மா தொட்டுப் பார்த்ததில்லை. நான் கட்டியதை என் தம்பி மாரி தொட்டுப் பார்த்ததில்லை. செல்வியும் அப்படித்தான். நான் முளை அடிக்கும்போது அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருப்பாள்.

மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தில் பாலோ என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அங்கே அம்மன் கோயில் திருவிழாவுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கோயில் கமிட்டியின் செயலாளர் ஆறுமுகம் செல்வி நடக்கிற வீடியோவை யாருடைய போனிலோ பார்த்திருக்கிறார். அவருடைய தாத்தா காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்த குடும்பம். இவர் இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

பயம் விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இறங்கினதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். கயிற்றை நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். முளைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வெளியூர் மரம் உள்ளே வரக் கூடாதாம். கருவேல மரத்து முளைகள். என் அப்பா செதுக்கியவை இரண்டு, நான் செதுக்கியவை இரண்டு. அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒட்டியிருந்த எங்கள் ஊர் மண்ணைக் காட்டி ஏதோ மரியாதையாகவே சொன்னார். ஆனால் முளை இல்லாமல் ஓர் ஊருக்குள் நுழைவது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஆறுமுகம் கார் கொண்டுவந்திருந்தார். வழியெல்லாம் செம்பனை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. செல்வி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். யோங் பெங் என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினார். ரொட்டி சானாய் என்று ஒன்று. நம் பரோட்டாவின் பணக்காரத் தம்பி. பிய்த்தால் வரிசை வரிசையாக வருகிறது. டீயில் டின் பாலை ஊற்றி, மேலேயும் கீழேயும் இழுத்து ஆற்றிக் கொடுத்தார்கள். நம் ஊர் டீக்கு இரண்டு பங்கு இனிப்பு. செல்வி இரண்டு ரொட்டி தின்றாள். நான் பாதி தின்றுவிட்டு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிக் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தேன். குதிகால் உள்ளே போனது.

என்ன பார்க்கிறீர்கள் என்று ஆறுமுகம் கேட்டார். மண்ணு கொஞ்சம் மெத்துனு இருக்கே என்றேன். இங்கே தினம் சாயங்காலம் மழை, அப்படித்தான் இருக்கும், எல்லாம் பழகிவிடும் என்று சிரித்தார். அவர் மனிதருக்குப் பழகுவதைச் சொன்னார். நான் முளையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரும்பு முளை வாங்க பத்து பாகாட் என்ற ஊருக்குப் புறப்பட்டோம். செல்வி மூங்கில் பார்க்கப் பாலோவிலேயே நின்றுவிட்டாள். பாதி வழியில் ஆறுமுகத்தின் கார் புகைவிட்டு நின்றது. அவர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யார் யாருக்கோ போன் பேசினார். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊர் வெயில் காய்ந்த வெயில். அங்கே வெயிலே ஈரமாக இருக்கிறது. சட்டையைப் பிழியலாம்.

அப்போது செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஆறுமுகத்தின் பக்கத்து வீட்டுக்காரர், பேர் சஞ்சீவி. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்றைக்குக் காலி வண்டி. ஏறுங்கள் என்றார். மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் ஆறுமுகத்தின் காரைப் பற்றியே பேசினார். அந்தக் கார் ஓடின நாளைவிட நின்ற நாள்தான் அதிகமாம். அதை விற்றால் வாங்குகிறவன் போலீசுக்குப் போவானாம். ஆறுமுகம் கோபப்படவில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகின காது.

பத்து பாகாட்டில் இரும்புச் சாமான் கடை ஒரு சீனப் பெரியவருடையது. என் வயது இருக்கும். நான் கையால் அளவு காட்டுவதைப் பார்த்துவிட்டு, எதற்கு, கூடாரம் போடவா என்று தமிழில் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததே பாலோ பக்கத் தோட்டத்தில்தானாம். பக்கத்து வீடெல்லாம் தமிழ் ஆட்கள், சின்ன வயதில் அவர்களோடு தமிழில்தான் சண்டை போட்டாராம், சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். மகள் கயிற்றில் நடக்கப் போகிறாள், கோயில் பக்கத்து மைதானத்தில் என்று. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தப் பாடாங்கா? அது முன்ன பாயா லா. மேல மண்ணு கொட்டி நிரப்பிட்டாங்க. கீழ எல்லாம் தண்ணி."

பாடாங் என்றால் மைதானம், பாயா என்றால் சதுப்பு, லா சும்மா பேச்சில் ஒட்டுவது என்று ஆறுமுகம் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். பெரியவர் நான் கேட்ட அளவைத் தள்ளிவிட்டு, என் இடுப்பு உயரத்துக்கு நாலு இரும்பு முளை எடுத்துக் கொடுத்தார். இதுவும் போதுமா தெரியாது என்றார். நானாக ஒரு சங்கிலியும் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று எனக்கே அப்போது தெரியாது. பயந்தவன் கடைக்குப் போனால் எதையாவது வாங்குவான்.

மூன்றாம் நாள் காலையில் அந்த மைதானத்தில் முளை அடித்தேன். கோயில் பக்கம் நல்ல தரை. சம்மட்டி விழ விழ, முளை சத்தம் கொடுத்தது. நாங்கள் சத்தத்தை வைத்துத்தான் தரையைத் தெரிந்துகொள்வோம். கல்லும் மண்ணும் முளையைப் பிடிக்கும்போது கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வரும். எதிர்ப்பக்கம் அந்தச் சத்தம் வரவே இல்லை. சேற்றில் எருமை கால் வைக்கிற சத்தம்தான். நாலே அடியில் முளை பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இடம் மாற்றி அடித்தேன். அங்கேயும் அப்படித்தான். கடைசியில் இரண்டு முளையைச் சாய்த்து அடித்து, ஒன்றோடு ஒன்றைப் பிணைத்து, மேலே கல் ஏற்றினேன். கயிற்றை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நின்றது.

மூன்று மணிக்கு மழை வந்தது. எங்கள் பக்கம் மழை வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்போம். அங்கே யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் கூரை ஓரத்தில் நின்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கயிறு கத்தாழை நாரில் திரித்தது. நனைந்தால் குறுகும். தார்ப்பாய் போட்டு மூடித்தான் இருந்தேன், ஆனாலும் அந்த ஊர்க் காற்றே நனைந்த காற்று. மழை விட்டதும் ஓடிப் பார்த்தேன். கயிறு வீணை நரம்பு மாதிரி விறைத்திருந்தது. எதிர்ப்பக்க முளை இரண்டும் நாலு விரல் அளவு உள்பக்கம் சாய்ந்திருந்தன.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் தம்பி மாரி விழுந்தது ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சந்தையில். அவனுக்கு இருபத்தாறு வயது. நல்ல கூட்டம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கயிற்றைக் கட்டிவிட்டுக் காலால் முளையை மிதித்துப் பார்த்தேன். ஆடியது. கொஞ்சம்தான். மாற்றி அடிக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். "ஏறு" என்றேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றில் பாதி தூரம் போனான். முளை பிடுங்கிக்கொண்டது. இடுப்பு உடைந்தது. அதோடு அவன் நடை போயிற்று. மழை செய்த வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். மாரியும் அதையே சொன்னான். நான் வாய் திறக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பாலோவில் அந்தச் சாய்ந்த முளைகளைப் பார்த்தபோது எனக்கு ஒட்டன்சத்திரத்துச் சந்தையின் வெங்காய வாடை மூக்கில் ஏறியது. முளைகளைப் பிடுங்கி, இன்னும் தள்ளி, மறுபடி அடித்தேன்.

நாலாம் நாள் திருவிழா. காவடி, பால்குடம், உறுமி மேளம். உறுமிச் சத்தத்தில் நெஞ்செலும்பு அதிர்கிறது. அன்னதானத்தில் சோறு, சாம்பார், கிழங்குப் பிரட்டல், அதோடு எங்கள் பக்கம் இல்லாத ஏதோ ஒரு கீரை. ஆட்டம் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மழை அன்றைக்குச் சீக்கிரமே பெய்து விட்டுவிட்டது. முன்வரிசையில் நாற்காலி போட்டு, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். டத்தோ என்று அழைத்தார்கள். அது அங்கே ஒரு பட்டம்.

செல்வி மூங்கில் அடியில் வந்து முதுகைக் காட்டி நின்றாள். நான் கோயில் பக்க முளையை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. எதிர்ப்பக்கம் போனேன். மிதித்தேன்.

ஆடியது. கொஞ்சம்தான்.

அப்படியே நின்றேன். மைக்கில் ஒருவர் செல்வியைப் பற்றி இரண்டு தடவை சொல்லி முடித்து மூன்றாம் தடவை ஆரம்பித்தார். ஆறுமுகம் வேகமாக வந்தார். சத்தமில்லாமல் பேசினார்.

"ஐயா, டத்தோ காத்துக்கிட்டு இருக்காரு. ஜனங்க ஒரு மணி நேரமா நிக்கிறாங்க. கொஞ்சம் சீக்கிரம் சொல்லிருங்க."

முடியாது என்றேன். முளை பிடிக்கவில்லை என்றேன். அவர் முளையைப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? கமிட்டியில் தன் தலையை உருட்டுவார்கள் என்றார். வெளியூரிலிருந்து ஆளைக் கூட்டிவந்து அவமானப்பட்டான் என்பார்களே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மனிதர் நாலு நாளாகத் தூங்கவில்லை.

செல்வி திரும்பாமலே கேட்டாள்.

"என்னப்பா, சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

அப்போது திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணித் தொட்டி விழுந்தபோதுகூட நீ இப்படி முழிக்கவில்லையே என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

மைதானத்தை ஒட்டிச் செம்மண் சாலை ஒன்று போகிறது. சஞ்சீவியின் லாரி அதில்தான் நின்றது. அன்றைக்குக் குலை நிறைய ஏற்றியிருந்தார். திருவிழாவை எட்டிப் பார்த்துவிட்டு ஆலைக்குப் போக வேண்டுமாம். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் முளையைத் தன் பூட்ஸ் காலால் ஒரு தட்டு தட்டினார்.

"அங்கிள், இத விடுங்க லா. அங்க என் லோரி நிக்குது. வயிறு முட்டத் தின்னுட்டு நிக்குது. அத எவன் இழுப்பான்?"

எனக்கு மூச்சு வந்தது. கயிறு அவ்வளவு தூரம் எட்டாது. பத்து பாகாட்டில் வாங்கின சங்கிலியை ஒட்டுப் போட்டோம். லாரியின் முன்பக்கம், இழுக்கிறதற்கென்றே ஒரு கொக்கி இருந்தது. கை தடிமன் இரும்பு. அதில் சங்கிலியை மாட்டி, கயிற்றை முறுக்கி ஏற்றினேன். சஞ்சீவி சக்கரங்களுக்குக் கல் வைத்தார். வண்டிச் சாவியைத் தன் வீட்டம்மாவிடம் கொடுத்துக் கோயிலுக்குள் போய் உட்காரச் சொன்னார். நான் கொக்கியை மிதித்தேன். லாரியை மிதிப்பதும் மலையை மிதிப்பதும் ஒன்றுதான். கயிற்றை இழுத்தேன். நன்றாக இருந்தது. என் கண்ணுக்கு ஒரு குறை இல்லை.

"ஏறு" என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். எனக்கு முளை தெரியும், மண் தெரியும். லாரியைப் பற்றி என்ன தெரியும்?

செல்வியைக் கூப்பிட்டு, நீ ஒரு தடவை கை வைத்துப் பார் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பிறகு முகம் சுருங்கிவிட்டது. எதுக்குப்பா இப்படியெல்லாம் பேசுற, பேசாமல் ஏறு என்று சொல் என்றாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"உன் சித்தப்பன் விழுந்த அன்னைக்கு முளை ஆடுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏறச் சொன்னேன்."

மாரியின் வீட்டில் பாதி நாள் வளர்ந்தவள் அவள். என்னை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகினாள். நேராகப் போய்க் கயிற்றில் கை வைத்தாள்.

முதலில் கையால் அழுத்தினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். விட்டாள். மறுபடி தொங்கினாள். எங்கள் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் செல்வி கயிற்றைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வண்டி தலையாட்டுது பாரு."

பார்த்தேன். அவள் தொங்கும்போது லாரியின் முகம் ஒரு விரற்கடை கீழே வந்தது, விட்டதும் மேலே போனது. அதோடு சேர்ந்து கயிறும் துள்ளியது. நின்ற இடத்தில் தொங்கும்போதே இப்படி. அவள் நடு வழியில் போகும்போது ஒவ்வொரு அடிக்கும் கயிறு பதில் அடி கொடுக்கும். முளையில் அது வராது. அதனால் எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. சஞ்சீவி தலையில் அடித்துக்கொண்டார். அலமாக், வண்டி உடம்பு ஸ்பிரிங் மேலதானே உக்காந்திருக்கு, அச்சுலதான கட்டணும் என்றார். குனிந்து லாரிக்கு அடியில் போனார். சக்கரத்தோடு சேர்ந்த அச்சில் சங்கிலியைச் சுற்றினார். நான் மறுபடி முறுக்கினேன். செல்வி மறுபடி தொங்கினாள். லாரி அசையவில்லை. கயிறு அமைதியாக இருந்தது.

"இப்பச் சொல்லு" என்றாள்.

"ஏறு" என்றேன்.

நான் மேளத்தைத் தோளில் மாட்டினேன். இத்தனை வருஷமும் மேளம் அடிக்கும்போது என் கண் முளையை விட்டு நகர்ந்ததே இல்லை. ஊரெல்லாம் என் மகளைப் பார்க்கும், நான் முளையைப் பார்ப்பேன். அன்றைக்கு முளை இருக்கிற பக்கத்தை அவளும் பார்த்துவிட்டதால் என் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். அடியை எண்ணுகிறாள். நான் பெற்ற பிள்ளை எண்ணிக்கொண்டு நடப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நடுவில் கயிறு மெல்லத் தாழ்ந்தது, கழி ஒருமுறை இடது பக்கம் சரிந்தது. என் கை மேளத்தில் ஓர் அடியை விட்டுவிட்டது. அவள் நிற்கவில்லை. எண்ணிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தாள்.

கைதட்டினார்கள். டத்தோ மாலை போட்டார். ஆறுமுகம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சஞ்சீவி சாவியை வாங்கிக்கொண்டு, குலை காய்ந்தால் ஆலையில் திட்டுவார்கள் என்று உடனே கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது விமானத்தில் செல்வி எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்றாள். அதைத் தவிர அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இப்போதெல்லாம் நான் கட்டி முடித்ததும் அவள் வந்து தொங்கிப் பார்க்கிறாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மாரி திண்டுக்கல்லில் அவன் மகள் வீட்டில் இருக்கிறான். ஊர் திரும்பினதற்கு அப்புறம் இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். முதல் தடவை ரொட்டி சானாய் பற்றிப் பேசினேன். இரண்டாம் தடவை லாரியில் கயிறு கட்டியதைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஸ்பிரிங் இருக்கிறது கூடவா தெரியாது உனக்கு என்று கேட்டான். அவன் சிரிக்கும்போது எனக்குச் சொல்ல வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டவர் நீங்கள். எங்கள் ஆட்கள் யாரையாவது பார்த்தால் சொல்லுங்கள், நடக்கிறவர் கயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும், கட்டியவனுக்கு அதில் மரியாதைக் குறைவு இல்லை என்று. அதற்கு முன்னால் திண்டுக்கல் பக்கம் போனால், இதை மாரிக்கு முழுசாக வாசித்துக் காட்டுங்கள். சந்தை வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள்.